'பிலீவ்' உருவான கதைகள்: ஓர் ஒற்றைப்பாடலின் ஆக்கமும் அதற்கான சான்றுகளும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கப் பாடகி ஷெர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிலீவ்' என்னும் பாடல், வெகுசன இசை வரலாற்றில் மீள்வருகைக்குரிய எடுத்துக்காட்டாகத் தொடர்ந்து சுட்டப்பெறுகிறது. அதன் ஆக்கத்தை அறிய மூவகைச் சான்றுகள் உள்ளன: உறையில் அச்சான பெயர்ப்பட்டியல், ஆக்கத்தில் ஈடுபட்டோர் அளித்த நேர்காணல்கள், ஒலிப்பதிவு. இம்மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. பாடலின் தனி அடையாளமான குரல் மாற்றம் எக்கருவியால் நிகழ்ந்தது என்பதில் தயாரிப்பாளர்களே தவறான விவரம் தந்தனர். பாடகியின் முதன்மையான இரு பங்களிப்புகள் பெயர்ப்பட்டியலில் இல்லை. பாடல் உருவாகி வெளியான முறையை இக்கட்டுரை இம்முரண்களின் வழியே விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஷெர், பிலீவ், ஒற்றைப்பாடல், ஆட்டோ-டியூன், வோகோடர், வெகுசன இசை, சான்றுத் திறனாய்வு

முன்னுரை

இசைத்தட்டு வணிகத்தில் ஒரு பாடலை மட்டும் முதன்மையாகக் கொண்டு வெளியிடும் வடிவத்தைச் 'சிங்கிள்' என்பர். இதனைத் 'தனிப்பாடல்' என மொழிபெயர்ப்போர் உளர். தமிழிலக்கியம் பயின்றோர்க்கு அச்சொல் காளமேகப் புலவரையும் இரட்டைப் புலவர்களையும் நினைவூட்டும். ஆதலின் இங்கு 'ஒற்றைப்பாடல்' என்னும் சொல்லே ஆளப்பெறுகிறது. எனினும் அந்த நினைவு முற்றிலும் பயனற்றதன்று. கட்டுரையின் பிற்பகுதியில் அதற்கு வேலை உண்டு.

வெகுசன இசையை ஆராய்வோர் பெரிதும் நம்பியிருப்பது நேர்காணலையே. பாடலை ஆக்கியவர் உயிரோடு இருக்கிறார். எப்படி ஆக்கினார் என அவரே சொல்கிறார். அதனினும் உறுதியான சான்று வேறென்ன வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. இக்கட்டுரையாளரும் முனைவர்ப்பட்ட ஆய்வின் தொடக்கத்தில், ஒரு கருத்தரங்கக் கட்டுரையில், 'பிலீவ்' பாடலின் குரல் மாற்றம் 'வோகோடர்' என்னும் கருவியால் நிகழ்ந்ததென எழுதினார். தயாரிப்பாளரின் சொந்த வாக்குமூலமே மேற்கோளாக இருந்தது. அவையில் இருந்த ஒலிப்பதிவாளர் ஒருவர் பாடலை ஒருமுறை காது கொடுத்துக் கேட்குமாறு மட்டும் சொல்லி அமர்ந்தார். இக்கட்டுரை அன்று எழுந்த ஐயத்திலிருந்து பிறந்தது.

மீள்வருகை என்னும் சட்டகம்

ஷெர் 1946ஆம் ஆண்டு மே 20இல் பிறந்தவர். 1965இல் சானி போனோவுடன் இணைந்து பாடிய 'ஐ காட் யூ பேப்' அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தை எட்டியது. 1971, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் தனியாகப் பாடிய மூன்று பாடல்கள் அவ்விடத்தைப் பெற்றன. அவற்றுள் இறுதியானது 'டார்க் லேடி'. பின்னர்த் திரைப்படத்தில் கவனம் செலுத்தி, 'மூன்ஸ்ட்ரக்' படத்திற்காக 1988இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். 1989இல் 'இஃப் ஐ குட் டர்ன் பேக் டைம்' அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை உயர்ந்தது. 1990களின் முற்பகுதியில் நெடுநாள் உடல்நலக் குறைவு. அக்காலத்தில் தலைமுடிப் பூச்சுப் பொருள்களுக்கான நீண்ட தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றியது அவர் மதிப்பைக் குறைத்ததாகப் பேசப்பட்டது. 1995இல் வந்த 'இட்ஸ் எ மேன்'ஸ் வேர்ல்ட்' தொகுப்பு அமெரிக்காவில் எடுபடவில்லை. 1998 சனவரியில் சானி போனோ பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். இறுதிச் சடங்கில் ஷெர் ஆற்றிய இரங்கலுரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

இவ்வரிசையை இப்படி அடுக்கினால், அடுத்து வரும் 'பிலீவ்' ஓர் உயிர்த்தெழுதலாகவே தோன்றும். 1999 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் ஷெர் மீண்டும் உயிர்த்தெழுந்தார் என்னும் கருத்தமைந்த தலைப்பிலேயே இப்பாடலைப் பற்றி எழுதியது. ஆயினும் இது அமெரிக்காவிலிருந்து நோக்கும் பார்வை. பிரித்தானியாவில் 1991இல் 'ஷூப் ஷூப் சாங்' முதலிடம் பெற்றது. 1995இல் வேறு மூவருடன் இணைந்து பாடிய அறக்கொடைப் பாடலும் முதலிடம் பெற்றது. அந்நாட்டார்க்கு ஷெர் எங்கும் போய்விடவில்லை. மீள்வருகைப் பாடல் லண்டனில் உருவாகி, அங்கே முதலில் வெளியாகி, அதன் பின்னரே அவருடைய சொந்த நாட்டை அடைந்தது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு துணைசெய்யும். அவர் இன்னும் விலைபோகும் பாடகி என நம்பிய அலுவலகம் லண்டனில் இருந்தது.

பல்லவியும் சரணமும் வேறு வேறு கைகள்

அந்த அலுவலகம் வார்னர் இசை நிறுவனத்தின் பிரித்தானியக் கிளை. அதன் தலைவர் ராப் டிக்கின்ஸ். ஷெருக்கு ஒருபாலீர்ப்பினரிடையே நெடுங்காலமாக நிலைத்த இரசிகர் கூட்டம் உண்டு. அவர்கள் கூடும் நடன அரங்குகளில் ஒலிக்கத்தக்க விரைவான நடன இசைத் தொகுப்பொன்றை அவர் பாடவேண்டும் என்பது டிக்கின்ஸின் எண்ணம். ஷெர் இதற்கு எளிதில் இசையவில்லை. நடன இசையில் பாட்டு என்று சொல்லத்தக்கது குறைவு என்பது அவர் தயக்கமாக இருந்தது.

பிரையன் ஹிக்கின்ஸ் என்னும் இளம் இசையமைப்பாளரும் அவரோடு பணியாற்றியோரும் உருவாக்கிய மாதிரிப்பதிவு ஒன்று டிக்கின்ஸிடம் வந்தது. பல்லவி அனைவர்க்கும் பிடித்திருந்தது. எஞ்சிய பகுதி எவர்க்கும் பிடிக்கவில்லை. ஒரு பாடலில் பல்லவி மட்டும் தேறி மற்றவை தேறாதபோது அதனைத் திருப்பி அனுப்புவதே வழக்கம். டிக்கின்ஸ் அவ்வாறு செய்யாமல், ஷெருக்காக ஏற்கெனவே வேறு பாடல்களை உருவாக்கிக்கொண்டிருந்த 'மெட்ரோ' என்னும் தயாரிப்புக் குழுவிடம் அதனை ஒப்படைத்தார். அக்குழுவின் பால் பேரியும் ஸ்டீவ் டார்ச்சும் சரணங்களைப் புதிதாக எழுதினர். பெயர்ப்பட்டியலில் பாடலாசிரியராக அறுவர் உள்ளனர்: பிரையன் ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் மெக்லென்னன், பால் பேரி, ஸ்டீவன் டார்ச், மேத்யூ கிரே, டிமோத்தி பவல். நான்கு நிமிடத்திற்குச் சற்றே குறைந்த பாடலுக்கு ஆறு ஆசிரியர்.

அறுவருள் ஷெரின் பெயர் இல்லை. ஆனால் இரண்டாம் சரணத்தின் ஒரு பகுதி அவருடையது. பிரிவுக்குப் பின் தனித்து நிற்கும் ஒரு பெண்ணின் கூற்றாக அமைந்தது பாடல். முதற்சரணத்தில் அவள் வருந்துகிறாள்; இரண்டாம் சரணத்திலும் வருந்திக்கொண்டே இருந்தாள். குளியல்தொட்டியில் இருந்தபடி அவ்வரிகளைப் பாடிப் பார்த்தபோது, இப்பெண் அளவுக்கு மீறிப் புலம்புகிறாள் என்று எரிச்சல் உண்டானதாகவும், உடனே அவ்விடத்தை மாற்றியதாகவும் ஷெர் நியூயார்க் டைம்ஸிடம் கூறியுள்ளார். மாறிய வடிவில் அவள் ஆற அமர எண்ணிப் பார்க்கிறாள். தன்னைப் பிரிந்தவனுக்குத் தான் பொருத்தத்தினும் மேம்பட்டவளோ என்று கருதத் தொடங்குகிறாள்.

சிறிய மாற்றந்தான். ஆனால் பாடலின் பொருள் திரும்பும் இடம் அதுவே. அம்மாற்றம் இல்லாவிடில் பல்லவியில் வரும் கேள்வி, அதாவது காதலுக்குப் பிறகும் வாழ்வு உண்டா என்பது, ஒவ்வொரு முறையும் ஒரே இரங்கற்குரலாக ஒலித்திருக்கும். இரண்டாம் சரணத்திற்குப் பின் வரும்போது அதே சொற்கள் வினாவாக இல்லாமல் விடையைத் தெரிந்துவைத்துக் கேட்பதாக ஒலிக்கின்றன. ஒரு தொடரும் மாறாமல் பொருள் மட்டும் மாறுவதற்கு முன்நின்ற வரிகளே காரணம். தம் 52ஆம் வயதில் பாடிய ஒருவர் இம்மாற்றத்தை வேண்டினார் என்பதைத் தற்செயல் என்று தள்ளுதல் இயலாது.

ஒலிப்பதிவுக்கூடத்தில் நிகழ்ந்தது

லண்டனில் மெட்ரோ குழுவினருக்கு உரிய 'ட்ரீம்ஹவுஸ்' ஒலிப்பதிவுக்கூடத்தில் 1998ஆம் ஆண்டின் கோடையில் பாடல் பதிவானது. தயாரிப்பாளர் இருவர்: மார்க் டெய்லர், பிரையன் ராலிங். டெய்லர் முதலில் அமைத்த பின்னணி இசை கடுமையான நடன அரங்க இசையாக இருந்ததால் அதனைக் கைவிட்டு மீண்டும் தொடங்கவேண்டியிருந்தது. ஆப்பிள் மேக் கணினியில் 'கியூபேஸ்' மென்பொருள். குரலுக்கு நியூமன் யூ67 ஒலிவாங்கி. பதிவுக்கு டாஸ்காம் டிஏ-88 எண்முறை நாடாக்கருவிகள். இக்கருவிகளின் பெயர்களை இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. இவை பெருங்கூடங்களில் மட்டுமே கிடைக்கும் அரிய பொருள்கள் அல்ல. அக்காலத்தில் நடுத்தர வசதியுள்ள எந்த ஒலிப்பதிவுக்கூடத்திலும் இருந்தவையே. புதுமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இதனால் கூர்மையடைகிறது.

சரணம் உயிரற்றுக் கிடந்தது என்பதில் எல்லா விவரிப்புகளும் உடன்படுகின்றன. இன்னும் சிறப்பாகப் பாடும்படி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டபோது, இதைவிடச் சிறப்பாக வேண்டுமெனில் வேறு பாடகியைத் தேடிக்கொள்ளுங்கள் எனச் சொல்லி வெளியேறியதாக ஷெர் பிற்கால நேர்காணல்களில் நினைவுகூர்ந்துள்ளார். அதன் பின்னர் நிகழ்ந்ததில்தான் விவரிப்புகள் பிரிகின்றன. ஆண்ட்ரூ ரோச்ஃபோர்டின் இசைத்தட்டில் கேட்ட, தொலைபேசிக் குரல் போன்றதோர் ஒலியை ஷெர் குறிப்பிட்டதாகச் செய்தி உள்ளது. டெய்லரின் கூற்றிலோ, அவரே தனியாக அமர்ந்து குரலை மாற்றிப் பார்த்ததும், அதனை ஷெருக்குப் போட்டுக் காட்ட அஞ்சியதும் முதன்மை பெறுகின்றன. செய்தது அவருடைய குரலை அழிப்பதற்கு ஒப்பானது என்ற அச்சம் அவருக்கு இருந்தது. கேட்டவுடன் ஷெர் மகிழ்ந்தார் என்பதில் மீண்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர். தூண்டுதல் யாருடையது என்பதை இவற்றைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

முடிவுசெய்யத்தக்கது அடுத்த நிகழ்வு. பாடல் நன்று, அந்தக் குரல் மாற்றத்தை மட்டும் நீக்கிவிடலாம் என்று இசைத்தட்டு நிறுவனத்தார் விரும்பினர். தாம் உயிரோடு இருக்கும்வரை அது நடவாது என்னும் பொருள்படக் கடுமையான சொற்களில் ஷெர் மறுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எவர் கேட்டாலும் இன்னாருடையது என அறியப்பட்ட குரல் அவருடையது. ஆழ்ந்த, கனத்த கீழ்த்தாயிக் குரல். அக்குரலைச் சிதைக்கும் ஒன்றை நிறுவனம் தவிர்க்க முயல, குரலுக்கு உரியவர் விடாப்பிடியாக நின்று காத்தார். இதுவும் பெயர்ப்பட்டியலில் இடம்பெறத்தக்க வகையினது அன்று. 'நீக்க மறுத்தவர்' என்று எந்த உறையிலும் அச்சிடுவதில்லை.

வோகோடர் என்ற விடை

பாடல் வெளியானதும் அனைவரும் கேட்டது, அக்குரல் எப்படிச் செய்யப்பட்டது என்பதே. பிரித்தானியாவிலிருந்து வெளிவரும் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' ஒலிப்பதிவுத் துறையினர்க்கான இதழ். அதன் 1999 பிப்ரவரி இதழில் டெய்லரும் ராலிங்கும் விடை தந்தனர். முதலில் கோர்க் விசி-10 என்னும் பழைய வோகோடரில் முயன்றதாகவும், பின்னர் கிட்டார் கலைஞர்கள் காலால் இயக்கும் 'டிஜிடெக் டாக்கர்' என்னும் கருவியைப் பயன்படுத்தியதாகவும், அதற்கு வேண்டிய இசையொலியை 'நார்ட் ராக்' என்னும் மின்னிசைக் கருவியிலிருந்து எடுத்ததாகவும் விரிவாக விளக்கினர். கருவியின் பெயர், இணைப்பு முறை, செய்முறை ஒழுங்கு எல்லாம் அதில் இருந்தன. குறைவான விவரம் ஐயத்தை எழுப்பும். நிறைவான விவரம் ஐயத்தை அடக்கிவிடும்.

அவ்விளக்கம் உண்மையன்று. பயன்படுத்தப்பட்டது 'ஆட்டோ-டியூன்'. பிற்காலத்தில் அவ்விதழே தன் கட்டுரையோடு ஒரு குறிப்பைச் சேர்த்து, தயாரிப்பாளர்கள் தம் தொழில் மறைபொருளைக் காக்க அவ்வாறு கூறினர் என்பதைப் பதிவுசெய்தது.

இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். வோகோடர், 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி உருவாக்கியது. தொலைபேசித் தடத்தில் பேச்சைச் சிக்கனமாக அனுப்புவது அதன் முதல் நோக்கம். இசையில் அதனைப் பயன்படுத்தும்போது, மனிதக் குரலின் உச்சரிப்பு வடிவம் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, ஒரு மின்னிசைக் கருவியின் ஒலிமீது ஏற்றப்படும். நாம் கேட்பது கருவியின் ஒலி. அதனைப் பேசவைப்பது குரலின் அசைவு. உடல் கருவியுடையது, வாய் மட்டும் மனிதருடையது எனலாம்.

ஆட்டோ-டியூன் இதற்கு மாறானது. 1997இல் 'அன்டாரஸ்' நிறுவனம் வெளியிட்ட இம்மென்பொருளை உருவாக்கியவர் ஆண்டி ஹில்டபிராண்ட். அவர் எண்ணெய் வளம் தேடும் துறையில் பணியாற்றியவர். நிலத்தினுள் அதிர்வலைகளைச் செலுத்தி, திரும்பி வரும் அலைகளின் கணக்கைக்கொண்டு பாறை அடுக்குகளை அறிவது அவர் தொழில். ஓர் அலையை அதன் சற்றே தாமதித்த படியோடு ஒப்பிட்டு, அது எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை மீள்கிறது எனக் கண்டறியும் கணிதம் அங்குப் பயன்பட்டது. அதே கணிதம் பாடுவோரின் சுரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையும் அறியவல்லது. சுரம் சற்றுப் பிசகியிருந்தால் அதனை உரிய இடத்திற்கு மென்பொருள் நகர்த்திவிடும். குரலின் நிறம் அப்படியே இருக்கும். அதன் உயரம் மட்டும் மாறும்.

எவ்வளவு விரைவில் நகர்த்தவேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஓர் அளவுகோல் அதில் உண்டு. 0 முதல் 400 மில்லிநொடி வரை அதனை அமைக்கலாம். நிதானமாக நகர்த்தினால் திருத்தம் செய்யப்பட்டதே கேட்போர்க்குத் தெரியாது. அதற்காகவே மென்பொருள் உருவானது. அளவுகோலைச் சுழியில் வைத்தால், குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கணப்பொழுதும் இல்லாமல் தாவும். எந்த மனிதத் தொண்டையும் அவ்வாறு தாவாது. அந்த எல்லையை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுப்பார் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என ஹில்டபிராண்டே கூறியுள்ளார்.

கருநாடக இசைப் பழக்கமுள்ளோர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாரு நீக்கப்பட்டு, சுரங்கள் படிக்கட்டுகளாக மட்டும் நிற்கும் நிலை அது. கமகம் பேசாது என்ற குற்றச்சாட்டின்மேல் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. 'பிலீவ்' பாடலின் சரணத்தில் ஒரு பெண்ணின் தொண்டை சில சொற்களில் ஆர்மோனியக் கட்டைகளைப் போல நடந்துகொள்கிறது. விலக்கப்பட்ட குறையே இங்கு வேண்டிப் பெற்ற அழகாயிற்று.

இவ்வேறுபாட்டைக் கையில் கொண்டு பாடலைக் கேட்டால் நேர்காணலின் கூற்று நிற்காது. சரணத்தின் தேர்ந்த சில சொற்களில் சுரம் கோணலாக ஒடிகிறது. ஆனால் ஒடிவது ஷெரின் குரலேதான். அந்தக் கனமும் மூக்கொலிச் சாயலும் எங்கும் மறையவில்லை. வோகோடராக இருப்பின் குரலின் உடல் போய், கருவியின் உடல் வந்திருக்கும். முன்னுரையில் குறித்த ஒலிப்பதிவாளர் சுட்டியது இதனையே. சான்று எல்லார் காதிலும் ஒலித்துக்கொண்டிருந்தது. அச்சில் வந்த வாக்குமூலம் அதனைக் கேளாதபடி செய்துவிட்டது.

மறைத்ததன் காரணத்தைத் தேடவேண்டியதில்லை. பணம் கொடுத்தால் எவரும் வாங்கத்தக்க மென்பொருள். ஓர் அளவுகோலை ஒரு முனைக்குத் தள்ளினால் போதும். தெரிந்துவிட்டால் அடுத்த மாதமே ஆயிரம் பேர் செய்வர். இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். ஆட்டோ-டியூன் அக்காலத்தில் சுருதி சேராப் பாடகர்க்கான ஊன்றுகோலாகவே அறியப்பட்டது. அதன் பெயர் வெளிப்பட்டிருந்தால், ஷெருக்குப் பாட வரவில்லை என்ற பழி எழுந்திருக்கும். மீள்வருகை என விற்கப்படும் ஒரு பாடலுக்கு அதனினும் கேடு வேறில்லை.

ஒரு பாடலுக்குப் பின்னால் அதன் பிறப்புக் கதை வளர்வது நமக்குப் புதிதன்று. தனிப்பாடல் திரட்டில் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு சூழல் சொல்லப்படுகிறது. திருவானைக்கா அம்மை தந்த தாம்பூலத்தால் காளமேகத்திற்குக் கவித்துவம் வந்தது என்கிறது ஒரு கதை. அவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று நமக்குப் பாடம் சொல்லப்பட்டுள்ளது. அங்கே கதைகள் பல தலைமுறைகளில் பிறர் வாயால் வளர்ந்தன. இங்கே பாடல் வெளியான நான்கே மாதங்களில், ஆக்கியவர்களே, கருவியின் பெயரோடு கதையை அமைத்தனர். தாம்பூலக் கதையை ஐயுறத் தெரிந்த நாம் டிஜிடெக் டாக்கர் கதையை அப்படியே மேற்கோள் காட்டினோம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வெளியீடு

1998 அக்டோபரில் பிரித்தானியாவில் ஒற்றைப்பாடல் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் அந்நாட்டில் பாடலைச் சில வாரங்களுக்கு முன்பே வானொலிகளுக்கு அளித்து, கேட்போர் ஆவலை வளர்த்து, அதன் பின்னரே கடைக்கு அனுப்புவர். ஆதலால் முதல் வாரத்திலேயே உச்சத்தைத் தொடுவது அங்கு அருமையன்று. அருமையானது அங்கு நிலைத்திருத்தல். 'பிலீவ்' முதல் வாரத்திலேயே முதலிடத்தில் நுழைந்து, ஏழு வாரங்கள் அங்கிருந்தது. அவ்வாண்டில் பிரித்தானியாவில் மிகுதியாக விற்ற ஒற்றைப்பாடல் இதுவே. விற்பனை 15 இலட்சம் படிகளைக் கடந்தது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு வகை. 1998 டிசம்பர் மாதத்தில் பில்போர்டு இதழின் 'ஹாட் 100' பட்டியலில் 99ஆம் இடத்தில் நுழைந்தது. நடன அரங்குகளிலும் பின்னர் வானொலிகளிலும் பரவிப் படிப்படியாக ஏறியது. நடன அரங்குகளுக்கென்றே பல மறுகலவை வடிவங்கள் உருவாயின. வேகமும் தாளக்கட்டும் மாறி, குரல் மட்டும் ஒன்றாக உள்ள வடிவங்கள் அவை. நைஜல் டிக் இயக்கிய காணொளி, நடன அரங்கொன்றில் ஒளிவீசும் உருவாக ஷெரைக் காட்டியது. 1999 சனவரி 31இல் மயாமி நகரில் நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்தில் அவர் அமெரிக்க நாட்டுப்பண் பாடினார். மார்ச் 13 நாளிட்ட பட்டியலில் 'பிலீவ்' முதலிடத்தை எட்டி, நான்கு வாரங்கள் அங்கே இருந்தது. 'டார்க் லேடி' அவ்விடத்தைப் பெற்று 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. 52 வயதில் அப்பட்டியலின் முதலிடம் பெற்ற பெண் அதுவரை வேறொருவர் இல்லை. அவ்வரிசையில் அவரை முந்தியவர் பிரெண்டா லீ. அதுவும் 2023 டிசம்பரில், 1958ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் பாடலொன்று மீண்டும் எழுந்தபோது. பில்போர்டு 1999ஆம் ஆண்டு முழுமைக்குமான பட்டியலிலும் 'பிலீவ்' பாடலையே முதலில் வைத்தது. 2000ஆம் ஆண்டில் சிறந்த நடன இசைப் பதிவுக்கான கிராமி விருதும் கிடைத்தது.

இவ்வெண்களில் ஒன்றை மட்டும் நின்று நோக்கவேண்டும். 99இலிருந்து முதலிடத்திற்கு ஏற ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. நிறுவனம் தள்ளிவிட்ட பாடல் முதல் வாரத்தில் உயர்ந்து விரைவில் விழும். கேட்போர் கேட்டுக் கேட்டு ஏற்றிய பாடல் மெல்ல ஏறும். நிறுவனம் நீக்க விரும்பிய அந்தக் குரல் ஒடிவு இல்லாமல் இருந்திருப்பின், வானொலியில் முதல் நொடிகளிலேயே இன்ன பாடல் என அடையாளம் கண்டிருக்க இயலுமா என்பது ஐயத்திற்குரியது. நிறுவப்படக் கூடியதன்று, ஆயினும் பாடலைப் பற்றி அன்று பேசியோர் எல்லாரும் முதலில் பேசியது அதனையே.

பெயரிடல்

சுழியில் வைத்த அளவுகோலின் ஒலி 'ஷெர் விளைவு' எனப் பெயர் பெற்றது. மென்பொருளை உருவாக்கிய ஹில்டபிராண்டின் பெயராலோ அதனைத் திருப்பிப் பயன்படுத்திய டெய்லரின் பெயராலோ அது வழங்கப்படவில்லை. டாஃப்ட் பங்க் குழுவின் 'ஒன் மோர் டைம்' 2000இல் வந்தது. 2005 முதல் டி-பெயின் அவ்வொலியைத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். 2008இல் கான்யே வெஸ்ட் '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்' தொகுப்பு முழுவதிலும் அதனை ஆண்டார். மறைபொருள் காக்கப்பட்டது சில ஆண்டுகளே, பெயர் நிலைத்தது. பாடலாசிரியர் பட்டியலில் இடம் கிடைக்காதவர்க்கு ஒலியியல் வழக்காற்றில் இடம் கிடைத்தது எனலாம். அவர் உருவாக்காத ஒன்று அவர் பெயரைப் பெற்றது; அவர் மாற்றிய வரிகள் பிறர் பெயரில் உள்ளன.

எஞ்சியிருப்பது ஒரு வினா: அந்த ஒலி இல்லாமல் பாடல் நிற்குமா? 2018 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் கென்னடி மையம் ஷெருக்குப் பெருமை செய்தபோது, ஆடம் லாம்பர்ட் இப்பாடலைப் பாடினார். தாளம் இல்லை, வேகம் இல்லை, ஆட்டோ-டியூனும் இல்லை. மெல்லிய துணையிசையோடு நிதானமாகப் பாடினார். சுரங்களிடையே அவர் குரல் வேண்டிய இடமெல்லாம் வழுக்கிச் சென்றது. பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஷெர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது ஒளிபரப்பில் பதிவாகியுள்ளது. அன்று ஒலித்த இரண்டாம் சரணத்தில், குளியல்தொட்டியில் மாற்றிய அவ்வரிகள் அப்படியே இருந்தன.